தட்டிப் பார்த்த கூரை

ஜனவரி 9

என் வீட்டுக்காரருக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். அதைச் சொல்லத்தான் வந்த அன்னைக்கே சுரங்கத்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டேன். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன், நீங்க "சரி, சரி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. நான் கேட்டது என்ன தெரியுமா? "அடுப்பை அணைச்சீங்களா, மறந்துட்டீங்களா"ன்னு கேட்டேன். அதுக்குப் பதில் "சரி"யாம்! அப்புறம் என் தம்பி சின்னவனை விட்டுச் சொல்றீங்க, போனெல்லாம் வேணாம், கல் பாளம் ஏத்திக்கிட்டு வர்ற லாரி டிரைவர்கிட்ட கடுதாசி குடுத்தனுப்புன்னு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் காதல் கடிதம் கேக்குது உங்களுக்கு. சரி, எழுதறேன். அனுபவிங்க.

பட்டறையை மலையிலயிருந்து ஊருக்கு மாத்தினதுல முதலாளிக்கு லாபம் இருக்கலாம், எனக்கு இடுப்பு வலிதான் மிச்சம். அங்கன்னா வெளிச்சத்துல உக்காந்து சிலேட்டுக் கல்லை ஏடு ஏடா பிரிப்பேன். இங்க குழல் விளக்கு. பெரிய மனுஷங்க வீட்டுக் கூரைக்கெல்லாம் நாள் பூரா நாங்க கல் ஓடு பிரிக்கறோம், எங்க தலைக்கு மேல தகரம். மழை பெஞ்சா உளிச் சத்தமே கேக்கறதில்ல. ரம்பத்துல வேலை செய்யற ஒருத்திகூடத்தான் அறையில தங்கியிருக்கேன். பகல்ல கல்லை அறுக்கறா, தூங்கும்போது என்னை அறுக்கறா. அப்படி ஒரு குறட்டை.

சின்னவனை உங்க பக்கத்துலயே விளக்குப் பிடிக்க வெச்சுக்கிட்டீங்கன்னு கேட்டு நிம்மதியாச்சு. நீங்களே மேஸ்திரிகிட்டக் கேட்டு வாங்கினீங்களாமே. அம்மா போனப்போ அவன் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது இன்னும் கண்ணுல நிக்குது. நமக்குன்னு பிள்ளை பொறக்கலை, அவன்தான் பிள்ளை. மீசை வந்துட்டா பெரியவனாயிட்டான்னு ஆயிடுமா? கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கோங்க.

உங்க வாயாடி


ஜனவரி 14

வாயாடிக்கு,

அடுப்பை அணைச்சாச்சு. வீடு எரியலை.

போன்ல என்னத்தைப் பேசறது? ஆபீஸ் கிளார்க் ஒரு காதை நம்ம பக்கம் வெச்சுக்கிட்டுத்தான் கணக்கே எழுதறான். நீ வேற ஊர் கதையெல்லாம் இழுப்பே. கடுதாசின்னா நான் திருப்பித் திருப்பிப் படிச்சுக்கலாம்.

மலைக்குள்ள கல்லு வெட்ட புதுசா ஒரு அறை திறந்திருக்காங்க. நல்ல கல்லு, நீலம் ஓடின கறுப்பு. புதுசா வேலைக்கு வந்தவன் ஒருத்தன் என்கிட்டக் கேக்கறான், "அண்ணே, நீங்க கம்பியால கூரையைத் தட்டிக்கிட்டே போறீங்களே, இதுக்கா சம்பளம்?"னு. வாடா தம்பின்னு உக்கார வெச்சு சொன்னேன். இந்தக் கல்லு ஒரு காலத்துல வெறும் சேறுடா. மேல பாரம் ஏறி ஏறி, பக்கவாட்டுல மலையே நெரிச்சு, சூட்டுல வெந்து கல்லா மாறினது. அதனாலதான் புத்தகம் மாதிரி ஏடு ஏடா பிரியுது. கூரையும் அதே கல்லுதான், அதுவும் பிரியும். ஏட்டுக்கு நடுவுல இடைவெளி விழுந்திருந்தா, தட்டினா "டொப்"னு செத்த சத்தம் வரும். ஒட்டிக்கிட்டு இருந்தா "டிங்"னு மணி மாதிரி கேக்கும். "டிங்"னா சாக்பீஸ்ல வட்டம் போடுவேன், நீ உள்ள வரலாம். "டொப்"னா பெருக்கல் குறி. அதைத் தாண்டி உள்ள நின்னா உன் சம்பளத்தை உன் பொண்டாட்டிதான் வாங்குவான்னேன்.

சின்னவன் நல்லாத்தான் இருக்கான். உன்னை மாதிரியே, மனசுல ஒண்ணு இருந்தா முகத்துல போஸ்டர் ஒட்டிடுவான். பயந்தான்னா கன்னம் உள்ள போயிடுது. மத்தவங்க அதைப் பார்த்துக் கிண்டல் பண்றாங்க. நான் கிண்டல் பண்றதில்ல. அவன் பக்கத்துல நிக்கறது எனக்குப் பெரிய பலம்.

தட்டுக்காரன்


ஜனவரி 30

என் வீட்டுக்காரருக்கு,

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா மனசு கிடந்து அடிச்சுக்குது. எழுதிடறேன்.

போன லாரியில வந்த பாளம் ஒண்ணு என் மேசைக்கு வந்துச்சு. வெளியில அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க தட்டிப் பார்த்துப் போடற வட்டம் அதுல இருந்தது. உங்க வட்டம் எனக்குத் தெரியாதா, கடைசியில ஒரு வாலு இழுப்பீங்களே. உங்க கையெழுத்தைப் பார்த்த சந்தோஷத்துல உளியை வெச்சுத் தட்டினேன். டொப்புன்னுச்சு. அடுத்த தட்டுல மூணு துண்டாப் போச்சு. உள்ள தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு, ஈரம் ஏறிக் கிடந்தது. சரி, ஆயிரத்துல ஒண்ணுன்னு விட்டேன். முந்தாநாள் இன்னொண்ணு. அதுக்கும் வட்டம், அதுக்கும் வாலு. சூப்பர்வைசர் வந்து நின்னுட்டார். "நான்தான் உளியைக் கோணலா வெச்சுட்டேன்"னு பழியை என் மேல போட்டுக்கிட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு பாளம் கோணலா உடைச்சதில்ல நான். அவரும் அதைத்தான் சொன்னார்.

வெளியில கிடக்கற பாளம் செத்த சத்தம் போடறதை உங்களுக்குப் பிடிக்கத் தெரியலைன்னா, உள்ள கூரையை எப்படிங்க?

ராத்திரி படுத்தா ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. கெட்டில் விசில் அடிச்சு தண்ணியெல்லாம் வத்திப்போகும், நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிப்பீங்க. நான் முதுகுக்குப் பின்னாடி பேசினா பதில் வராது, திமிருன்னு நானும் சண்டை பிடிப்பேன். யாராவது கூப்பிட்டா வலது பக்கத்தைத் திருப்புவீங்க. டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னாரே. இப்போ போன்ல "சரி, சரி". எல்லாத்தையும் சேர்த்து வெச்சுப் பார்க்கறேன்.

உங்களுக்குக் காது கேக்கலை இல்ல? கோவப்படாம ஒரு வரி எழுதுங்க. "கேக்குதுடி, லூசு"ன்னு எழுதினாக்கூடப் போதும்.

வாயாடி


பிப்ரவரி 3

உனக்கு,

லாரி குலுங்கினா பாளம் உடையாதா? மலைப் பாதையில பள்ளம் எத்தனைன்னு டிரைவரைக் கேளு. ஊருக்குப் போய் ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள இன்ஜினியர் ஆயிட்டே. கெட்டில் வத்தினா காது போச்சா? மனுஷன் பேப்பர் படிக்கக் கூடாதா?

என் கம்பியை நம்பி ஒரு கூட்டமே தினம் உள்ள வருது. இத்தனை வருஷத்துல என் வட்டத்துக்குக் கீழ நின்ன ஒருத்தனுக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. கண்டதையும் எழுதாதே. டிரைவர் படிச்சுத் தொலைச்சான்னா என் மானம் போயிடும். இந்த வேலை போனா கம்பெனி வீடும் போயிடும்னு உனக்குத் தெரியும்.

வேலையைப் பாரு.


பிப்ரவரி 7

என் வீட்டுக்காரருக்கு,

பக்கம் பூரா திட்டியிருக்கீங்க. "காது கேக்குது"ங்கற ரெண்டு வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்தேன். காணோம்.

எனக்கே காது குத்தறீங்களா? இப்போ இதைக் கேளுங்க. நேத்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டு சின்னவனை வரச் சொன்னேன். மாமா எப்படிடா இருக்காருன்னு கேட்டேன். "மாமாவுக்கு என்னக்கா, ராஜா. ஆனா ஒரே ஒரு வேடிக்கை. கூரையைத் தட்டிட்டு மேல பார்க்க மாட்டாரு, என் மூஞ்சியைப் பார்ப்பாரு. என் மூஞ்சியில என்ன எழுதியிருக்குன்னு தெரியலை, அப்புறம்தான் சாக்பீஸை எடுப்பாரு"ன்னு சொல்லிச் சிரிக்கறான். எனக்குச் சிரிப்பு வரலை.

தட்டிட்டு எதுக்குங்க அவன் முகத்தைப் பார்க்கறீங்க? அதுக்குத்தான் அவனைக் கேட்டு வாங்கினீங்களா? நான் என்னமோ அவனைப் பத்திரமா வெச்சுக்கத்தான்னு நெனச்சுப் பூரிச்சுப் போயிட்டேனே.

அப்பவே அவன்கிட்டச் சொல்லியிருப்பேன். அவன் போன்ல கத்திக் கத்திப் பேசறவன், "மாமாவுக்குக் காது கேக்காதா?"ன்னு அலறியிருப்பான், கிளார்க் பக்கத்துலயே இருந்தான். உங்க மானத்தை நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். ஆனா ரொம்ப நாள் மூடிக்கிட்டு இருக்க மாட்டேன். நீங்களே மேஸ்திரிகிட்டப் போய்ச் சொல்லிடுங்க. வீடு போனா போகட்டும், இங்க ரம்பக்காரி குறட்டைக்கு நடுவுல ஒரு பாய் போட இடம் இருக்கு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். இது மிரட்டல்தான். ஆமா, மிரட்டறேன்.

வாயாடி


பிப்ரவரி 15

வாயாடிக்கு,

லாரி ரெண்டு தடவை வந்துட்டுப் போச்சு. ரெண்டு தடவையும் எழுதிக் கிழிச்சேன்.

கேக்கலை. போதுமா? எழுதிட்டேன்.

ஒரே நாள்ல போகலை. வெடி வெச்சு வெச்சு முதல்ல காதுக்குள்ள ஒரு ரீங்காரம். அப்புறம் சின்னச் சத்தமெல்லாம் ஒண்ணொண்ணா போச்சு. கெட்டில் போச்சு. உன் வளையல் சத்தம் போச்சு. அதுகூடப் பரவாயில்லை, பேசறவங்க உதட்டைப் பார்த்துச் சமாளிச்சுக்கலாம்னு இருந்தேன். ஒரு நாள் கூரையைத் தட்டறேன், டிங்கும் இல்ல, டொப்பும் இல்ல. யாரோ தலைகாணியைக் குத்தற மாதிரி இருந்தது. எங்க தட்டினாலும் அதேதான். மேல அவ்வளவு பெரிய மலை உக்காந்திருக்கு, அது என்கிட்டப் பேசறதை நிறுத்திடுச்சு.

இடது கையைக் கல்லுல வெச்சு, வலது கையால தட்டிப் பார்த்தேன். பெரிய இடைவெளின்னா கைக்கு அதிர்வு தெரியுது. சின்னதுன்னா தெரியலை. பயந்து போய், பார்க்கற இடமெல்லாம் பெருக்கல் குறி போட்டேன். வேலை நடக்கலைன்னு மேஸ்திரி கத்தினார். அப்போதான் சின்னவன் தற்செயலா விளக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். தட்டினேன். அவன் கன்னம் உள்ள போச்சு. பெருக்கல் போட்டு, கம்பியால நெம்பினேன், ஒரு ஆள் கனத்துக்குக் கல்லு விழுந்தது. அவனுக்குக் காது பாம்புக் காது. சத்தம் காதுல விழுந்த உடனே முகத்துல தெரியுது. அன்னையிலயிருந்து அவன் முகம்தான் என் காது. கூரையில இதுவரைக்கும் ஒரு தப்பு நடக்கலை. உனக்கு வந்த பாளமெல்லாம் வெளியில நான் தனியாக் குறி போட்டது, அங்க அவன் இல்ல.

அவன்கிட்ட சொல்லலை. சொன்னா என்னைப் பாவமாப் பார்ப்பான். அந்தப் பார்வையை என்னால தாங்க முடியாது. கொஞ்ச நாள் பொறு. இந்த அறை முடிஞ்ச உடனே முதுகு வலின்னு சொல்லி வெளிவேலை கேட்டு வாங்கிக்கறேன். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், மேஸ்திரிக்கு எழுதாதே.

பயம் இல்லைன்னு நெனைக்காதே. கூரை விழறதுக்கு முன்னாடி சின்னதா முனகும், பொடிக்கல்லு சலசலன்னு உதிரும். முன்னெல்லாம் அதை மத்தவங்களுக்கு முன்னாடி நான் கேட்டு, "ஓடுங்கடா"ன்னு கத்துவேன். இப்போ உள்ள நிக்கற அத்தனை நேரமும் எல்லார் காலையும் பார்த்துக்கிட்டே இருக்கேன், யாராவது ஓடறாங்களான்னு.

தட்டுக்காரன்


பிப்ரவரி 19

என் வீட்டுக்காரருக்கு,

படிச்சு அழுதேன். வளையல் சத்தம் போச்சுன்னு எழுதினீங்களே, அந்த இடத்துல. முதல்லயே என்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன உங்களைத் தூக்கியா போட்டிருப்பேன்?

ஆனா ஒண்ணு கேக்கறேன். சோதிக்கறவர் நீங்கன்னு அவன் நம்பிக்கிட்டு இருக்கான். அவன்தான் சோதிக்கறான்னு அவனுக்கே தெரியாது. தெரியாத ஒருத்தன் முகத்தை நம்பி எப்படிங்க உள்ள போறீங்க? அவனுக்கு ஒரு நாள் பல்லு வலி வந்தா? யாரையாவது நெனச்சுச் சிரிச்சுக்கிட்டு இருந்தா? அவன்கிட்ட மட்டுமாவது சொல்லிடுங்க. மேஸ்திரி அப்புறம். இந்த மாசக் கடைசி வரைக்கும் நானும் வாயைத் திறக்கலை. இதுக்கு மேல என்னால இறங்க முடியாது.

சாப்பாடே இறங்கலை. தகரக் கூரையில எதாவது விழுந்தா எழுந்து நின்னுடறேன், எல்லாரும் என்னையே பார்க்கறாங்க.

வாயாடி


பிப்ரவரி 25

வாயாடிக்கு,

நல்ல சேதி சொல்றேன், சாப்பிடு முதல்ல.

கூரை இப்போ ரொம்ப நல்லா இருக்கு. அறைக்குள்ள ஆழமாப் போகப் போகக் கல்லு இறுகுது போல. இந்த வாரம் முழுக்க ஒரே வட்டம்தான், ஒரு பெருக்கல் குறிகூடப் போடலை. எத்தனை தட்டு தட்டினாலும் சின்னவன் முகம் குளத்துத் தண்ணி மாதிரி சலனமே இல்லாம இருக்கு. மேஸ்திரி என் முதுகுல தட்டிக் குடுத்தார். இப்படியே போனா சீக்கிரமே அறை முடிஞ்சிடும், நானும் வெளிவேலைக்கு வந்துடுவேன். அவன்கிட்டயும் அப்போ சொல்லிக்கலாம், சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம்.

மழை பிடிச்சுக்கிச்சு இங்க. பாதை சேறாக் கிடக்கு.

தட்டுக்காரன்


மார்ச் 2

ஏங்க,

இதைக் கையில வாங்கின உடனே படிங்க. படிச்சுட்டுத்தான் அடுத்த காரியம். டிரைவர்கிட்ட உங்க கையிலதான் குடுக்கணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு நேத்துதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். ஒரே வட்டம்னு எழுதியிருந்தீங்களே, அந்த நிம்மதி. இன்னைக்கு மத்தியானம் சின்னவன் அவனாவே ஆபீஸ் போன்லயிருந்து என்னைக் கூப்பிட்டான். ஒரே குஷி. "அக்கா, இப்பல்லாம் யாரும் என்னைக் கிண்டல் பண்றதில்ல"ன்னான். ஏண்டான்னு கேட்டேன். "பயந்த மூஞ்சி, பயந்த மூஞ்சின்னு ஓட்டிக்கிட்டே இருந்தாங்கல்ல? கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டேன். உள்ள என்ன சத்தம் கேட்டாலும் மூஞ்சியைக் கல்லு மாதிரி வெச்சுக்கறேன். மாமா எப்படி நிக்கறாரோ அப்படியே நிக்கறேன். மாமாவே என்னைப் பார்த்துத் தலையாட்டறாருக்கா"ன்னான்.

புரியுதாங்க? கல்லு இறுகலைங்க. அவன் முகம்தான் இறுகிடுச்சு. நீங்க இத்தனை நாளும் வட்டம் போட்டது கூரையைக் கேட்டு இல்ல.

"டேய், உள்ள போகாதேடா"ன்னு கத்தறேன், லைன் செத்துப் போச்சு. மழையாம். அதுக்கப்புறம் எத்தனை தடவை சுத்தியும் மணியே போகலை. மானமாவது வீடாவது, மேஸ்திரியே எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேன். லாரியில நானும் ஏறிக்கறேன்னு டிரைவரைக் கேட்டேன், முன்னாடி ரெண்டு ஆள் இருக்காங்க, இடமில்லைங்கறார். நாளைக்குக் காலையில பஸ்ஸைப் பிடிக்கறேன்.

எந்த வட்டத்துக்குக் கீழயும் யாரையும் நிக்க விடாதீங்க. எல்லாரையும் வெளியில கூப்பிடுங்க. கைகூப்பிக் கேக்கறேன்.


மார்ச் 5

ஏங்க,

பஸ் ஓடலை. மலைப் பாதையில மண் சரிஞ்சு கிடக்குன்னு பஸ் ஸ்டாண்டுல சொல்றாங்க. நம்ம லாரி அதுக்கு முன்னாடியே மேல ஏறிடுச்சா, நடுவுல மாட்டிக்கிச்சான்னு யாருக்கும் தெரியலை. போன் இன்னும் செத்துத்தான் கிடக்கு. தினம் காலையிலயும் சாயங்காலமும் போய் நிக்கறேன், டிக்கெட் குடுக்கறவர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கறார்.

இன்னைக்கு வேலையில உளியை எடுக்கவே முடியலை. ஒவ்வொரு கல்லையும் தட்டும்போது கண்ணை மூடிக்கறேன். ரம்பக்காரி ஒண்ணும் கேக்காம டீயைக் கொண்டு வந்து பக்கத்துல வெச்சா.

அவன்கிட்ட முதல் தடவையே சொல்லியிருக்கணும் நான். கிளார்க் கேட்டா கேட்டுட்டுப் போறான்னு சொல்லியிருக்கணும். உங்களை மட்டும் திட்டிக்கிட்டே நானும் அதைத்தானே பண்ணேன்.

ரெண்டு பேரும் உயிரோட இருங்க. வேற ஒண்ணும் கேக்கலை. பாதை எப்பத் திறக்குமோ, இதை யார்கிட்டக் குடுக்கறதுன்னும் தெரியலை.


மார்ச் 5

வாயாடிக்கு,

சின்னவன் உயிரோட இருக்கான். அதை முதல்ல படிச்சுக்கோ. நானும் இருக்கேன்.

பாதை மூடிக் கிடக்கு. லாரி கிளம்பும்போது குடுக்கலாம்னு எழுதி வெக்கறேன். முந்தாநாள் காலையில நடந்தது. நீ எழுதினது என் கைக்கு வந்தது அன்னைக்கு மத்தியானம். டிரைவர் சுரங்கத்து வாசல்ல வந்து நீட்டறார், நான் கையில ரத்தத்தோட நிக்கறேன். படிச்சேன். அங்கயே உக்காந்துட்டேன்.

காலையில எப்பவும் போலத்தான் போனோம். அறையோட கோடியில தட்டினேன். அவன் முகத்தைப் பார்த்தேன். சலனமே இல்ல. வட்டம் போட்டேன், அந்த வாலையும் இழுத்தேன். எல்லாரும் பின்னாடியே வந்துட்டாங்க. நான் அந்த வட்டத்துக்குக் கீழயே நின்னு அடுத்த இடத்தைத் தட்டிக்கிட்டு இருந்தேன், கூரையைப் பார்த்தபடி. வழக்கமா எல்லார் காலையும் பார்த்துக்கிட்டே இருப்பேன்னு எழுதினேன் இல்ல? கூரை நல்லா இருக்குன்னு நம்பி, இந்த வாரமெல்லாம் அதைக்கூட விட்டுட்டேன்.

யாரோ பின்னாடியிருந்து என் இடுப்பைப் பிடிச்சு அப்படியே தூக்கித் தள்ளினாங்க. குப்புற விழுந்தேன். திரும்பிப் பார்த்தா நான் நின்ன இடத்துல கல்லு, புழுதி, அதுக்குக் கீழ சின்னவனோட வலது கால். மத்தவங்களெல்லாம் எப்பவோ வாசலுக்கு ஓடிட்டாங்க. எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கத்தியிருக்காங்க. பொடிக்கல்லு உதிர்ந்திருக்கு, கூரை முனகியிருக்கு. எனக்கு ஒண்ணுமே இல்ல, அமைதியா இருந்தது. அவன் வாசல் வரைக்கும் ஓடிட்டு, நான் அசையாம நிக்கறதைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கான்.


மார்ச் 6

மழை விட்டிருக்கு. மலையிலயே இருக்கற சின்ன ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். காலை எடுக்க வேண்டியதில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா முட்டி இனிமே மடங்காதாம். கூடவே இருக்கேன். ஊட்டி விட்டா சாப்பிடறான்.

இன்னைக்கு ஒரு காரியம் நடந்தது. மேஸ்திரி வந்து விசாரிச்சார், கூரையை ஒழுங்காத் தட்டினாராடா உன் மாமான்னு. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம், மேஸ்திரி உதட்டைப் பார்த்துக்கிட்டு நின்னேன். சின்னவன் என்ன சொன்னான்னு கேக்கலை. மேஸ்திரி போன பிறகு பேப்பரைக் குடுத்து, என்னடா சொன்னே, எழுதிக் காட்டுன்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் எழுதினான். அதை அப்படியே உனக்கு எழுதறேன்.

"மாமா தட்டினப்போ எனக்கு டொப்புன்னு கேட்டுது. மாமா முகத்தைப் பார்த்தேன், மாமா பேசாம இருந்தாரு. மாமாவுக்குத் தெரியாததா, என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன். தப்பு என் மேலதான்னு சொன்னேன்."

அவன் என் முகத்தைப் பார்த்திருக்கான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பிக்கிட்டு அந்தக் கல்லுக்குக் கீழ நடந்து போயிருக்கோம்.


மார்ச் 8

பாதையைத் திறந்துட்டாங்க. லாரி இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பும், அதனால சுருக்கமா எழுதறேன்.

நேத்து சுரங்கத்து வாசல்ல எல்லாரும் கூடியிருந்தப்போ சொல்லிட்டேன். எனக்குக் காது கேக்காது, ரொம்ப நாளாவே கேக்காது, நான் போட்ட எந்த வட்டத்தையும் நம்பாதீங்கன்னு. எல்லா வட்டத்தையும் ஈரத் துணியால நானே அழிச்சேன். ஒருத்தன் என் சட்டையைப் பிடிச்சான், மேஸ்திரி விலக்கி விட்டார். பிடிச்சவன் மேல எனக்குக் கோவம் இல்ல. கம்பியை ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சு. வீட்டை மாசக் கடைசியில காலி பண்ணணும்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உள்ள நுழையறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் வராந்தாவுலயே நின்னேன். சுரங்கத்துலகூட இவ்வளவு பயந்ததில்ல. கட்டில்கிட்டப் போய் உக்காந்து, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, எல்லாத்தையும் சொன்னேன். உன் காதுல கோளாறு இல்லடா, என் காதுலதான். உன் முகத்தைத்தான் நான் காதா வெச்சுக்கிட்டு இருந்தேன். உனக்குத் தெரியாமலே உன்னை அந்தக் கூரைக்குக் கீழ நிறுத்தினது நான்தான்னு சொன்னேன். எவ்வளவு சத்தமாச் சொன்னேன்னு தெரியலை, பக்கத்துக் கட்டில்காரங்கல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

சின்னவன் என்னமோ சொன்னான். நீளமாத்தான் சொன்னான். உதடு அசைஞ்சுது, எனக்குப் பிடிபடலை. பேப்பரை நீட்டினேன், எழுத மாட்டேன்னு தலையை ஆட்டிட்டான். முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு பழகினானே, அந்த முகம். அதுல ஒண்ணுமே தெரியலை.

டிரைவர்கிட்டப் பேசிட்டேன், திரும்பும்போது உனக்கு முன்னாடி சீட்டுல இடம் வெப்பார். உடனே கிளம்பி வா. வந்து, அவன் என்கிட்ட என்ன சொன்னான்னு கேட்டுச் சொல்லு.